பெரிய மனசு பண்ணுங்க

பனியன் கம்பெனியில் ஒரு காரியம் கைமீறிப் போகிறது என்றால் முதலில் மேனேஜர் கத்துவார். கத்தியும் நடக்கவில்லை என்றால் முதலாளி சுப்பையன் மாடியிலிருந்து இறங்கி வந்து சிரித்துப் பேசுவார். சிரிப்புக்கும் மசியாத ஆளாக இருந்தால் செக்கிங் டேபிள் பக்கம் ஆள் ஓடும்.

"மயிலக்காவை வரச் சொல்லு."

மயிலாத்தாள் கையிலிருக்கும் டீ ஷர்ட்டை மடித்து வைப்பாள். நூல் வெட்டும் கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு, சேலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிக்கொண்டு நடந்து வருவாள். அவசரப்பட மாட்டாள். தயங்கவும் மாட்டாள்.

அன்றைக்கு நீல நிற டீ ஷர்ட். உடம்பு ஒரு நீலம், கை இன்னொரு நீலம். வெளிநாட்டு ஆர்டர். சரக்கை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டியவர் ராமர். வாங்குகிறவர்களின் ஆபீஸிலிருந்து வருகிற ஆள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு டீ ஷர்ட்டை விளக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கி நின்றிருந்தார்.

"யக்கா, நீங்களே சொல்லுங்க. இது கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். நான் பாஸ் பண்ணுனா நாளைக்கு என்னைய வீட்டுக்கு அனுப்பிருவான்."

"தெரியுதுங்க சார். எனக்கே தெரியுதுங்க. சாயத்துல ரெண்டு லாட் ஒண்ணாக் கலந்து போச்சுங்க." மயிலாத்தாள் ஒரு கணம் நிறுத்தினாள். "நீங்கதான் பெரிய மனசு பண்ணோணுங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதுதான். ஆனால் 'பெரிய' என்பதற்கு முன்னால் அவள் விடுகிற அந்தச் சின்ன இடைவெளி, 'மனசு' என்கிறபோது தாழ்கிற குரல், 'பண்ணோணுங்க' என்று முடிக்கும்போது பாதி மூச்சாகிப் போகிற கடைசி எழுத்து... அது வேறு யாருக்கும் வராது. கேட்கிறவருக்குத் தன் நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிட்டதுபோல இருக்கும்.

ராமர் தலையைச் சொறிந்தார். "இவங்கள ஏன்யா கூப்பிடுதிய? எங்க அம்மை வந்து நிக்க மாதிரி இருக்கு." டீ ஷர்ட்டை மேஜையில் போட்டார். "சரி. ரொம்ப அப்பட்டமாத் தெரியுறத எல்லாம் பிரிச்சு எடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். சுப்பையன், "மயிலா, நீ இல்லாட்டி இந்தக் கம்பெனியே இல்ல" என்றார். அது அவர் ஒவ்வொரு முறையும் சொல்வது. மயிலாத்தாள் தலையை ஆட்டிவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். முகத்தில் காரியம் முடிந்த களை இல்லை. கெஞ்சிய கூச்சமும் இல்லை. குழாயைத் திறந்து மூடிவிட்டு வந்தவள் போல இருந்தாள்.

பக்கத்து மேஜை சுப்புலட்சுமி விடவில்லை. "ஏனக்கா, அந்த வார்த்தைய எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு. எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்லிப் பாக்கறேன்."

"சொல்லிப் பாரு."

"சொன்னா என்ன சொல்லுவார் தெரீமா? மனசே கெடையாது எனக்கு, இதுல பெருசு எங்க போயி வாங்கறதும்பார்."

மேஜையே சிரித்தது. ஒடிசாவிலிருந்து வந்து தையலில் சேர்ந்திருக்கும் மமதாவும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. மயிலக்கா அந்த வார்த்தையைச் சொன்னால் ஆபீசர்கள் இறங்கி வருவதைப் பார்த்துப் பார்த்து, தமிழில் மரியாதையாக எதையாவது கேட்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்போல என்று முடிவு செய்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைக் காட்டி, "அக்கா, பெரிய மனசு பண்ணு, தண்ணி" என்பாள். "பெரிய மனசு பண்ணு, பாத்ரூம் போறேன்" என்பாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. பாதி சரிதானே!

மீதிப் பாதி மயிலாத்தாளுக்குத்தான் தெரியும்.

அவள் பிறந்தது மங்கலத்தில். அப்பா கூலிக்குத் தறி ஓட்டியவர். அவளுடைய அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் ஒருவனோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு மயிலாத்தாளைப் பெண் கேட்டு அந்த வாசலில் யாரும் செருப்பைக் கழற்றவில்லை. வந்தவர்களும் அக்கா கதையை அடுத்த தெருவிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு அப்படியே பஸ் ஏறினார்கள்.

கடைசியில் அவிநாசியிலிருந்து கதிர்வேல் வீட்டார் வந்தார்கள். பையனுக்குப் பிடித்திருந்தது. அம்மா வள்ளியாத்தாளுக்குத்தான் இழுப்பு. "அக்காக்காரி அப்படிப் போயிருக்கறா, நாளைக்கு ஊரு எங்களையும் சேத்துப் பேசுமுங்களே" என்று எழுந்திருக்கப் போனாள்.

அப்போதுதான் அப்பா எழுந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்கதான் பெரிய மனசு பண்ணி என்ற புள்ளைய எடுத்துக்கோணுங்க."

வள்ளியாத்தாள் மறுபடி உட்கார்ந்தாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் பூத்துவிட்டது. தறியின் இரைச்சலில் வீட்டில் யாருக்கும் காதுகொடுக்காத அப்பா, தனக்காக இப்படி ஒரு வார்த்தை பேசுவார் என்று அவள் நினைத்ததில்லை. அப்பா கேட்டார், அவர்கள் கொடுத்தார்கள், அதோடு சரி என்று நினைத்தாள். பாவம், சின்னப் பெண்!

உதவி கேட்கிறவர் அந்த வார்த்தையை ஒரே ஒரு முறைதான் சொல்கிறார். கொடுத்தவர் சொல்லத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. கேட்கும்போது 'பண்ணுங்க'. கொடுத்த பிறகு அது 'பண்ணினோம்' ஆகிவிடுகிறது. 'நான் பெரிய மனசு பண்ணினேன்' என்று தனி ஆளாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அது நாக்குக் கூசும். 'நாங்க' என்று வீட்டையே கூடச் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது கூச்சம் போய்விடும்.

ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால், "பெரிய மனசு பண்ணி எடுத்தோம், ரசங்கூட வைக்கத் தெரியல." பெண் குழந்தை பிறந்தபோது, "பெரிய மனசு பண்ணி எடுத்தோம், அதுவும் பொட்டப்புள்ள." வள்ளியாத்தாள் கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோபம் ஆறிவிடும். அவள் கோபப்பட்டதே இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வோமில்லையா, அந்தக் குரலில் சொல்வாள். கதிர்வேல் நல்ல மனிதன். கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைவான்.

அந்த நல்ல மனிதன் ஒரு காலை நேரத்தில், வேலை பார்த்த கட்டிங் யூனிட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மயிலாத்தாள் அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். தெருவே கரைந்து நின்றது. வள்ளியாத்தாள் மார்பில் அடித்துக்கொண்டு வந்து மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பெரிய மனசு பண்ணி எடுத்தமேடீ! என்ற பையன வச்சுப் பொழைக்கத் தெரியலையே உனக்கு!"

மயிலாத்தாளின் அழுகை அந்த இடத்தில் நின்றது. கரண்ட் போனால் தையல் மெஷின் நிற்குமே, ஊசி துணிக்குள் இறங்கிய நிலையிலேயே, அப்படி. அதன் பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பா போனபோது வரவில்லை. வள்ளியாத்தாளே போனபோதும் வரவில்லை. பார்த்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவள் மறுக்கவில்லை. உள்ளே தட்டிப் பார்த்தால் அவளுக்கே அப்படித்தான் சத்தம் கேட்டது.

விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கு லேசாக வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டாள். வீட்டுக்காரம்மாவிடம் காலி பண்ணச் சொல்லாதீர்கள் என்று கேட்டாள். கம்பெனிக்காகச் சாயப்பட்டறைக்காரர்களிடம், லாரிக்காரர்களிடம், ராமர் மாதிரி ஆபீசர்களிடம் கேட்டாள். எந்த இடத்திலும் எதுவும் உறுத்தவில்லை. உறுத்துவதற்கு உள்ளே யாராவது இருக்க வேண்டுமே!

இப்படி வளர்த்த மகள்தான் மோனிஷா. படித்து, ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தாள். திருமுருகன்பூண்டியில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் குடும்பத்தில் கவின் என்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தாள் மயிலாத்தாள். பையன் சாது. மோனிஷாவுக்கு அவன்மேல் உயிர். ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது.

ஒரு நாள் அங்கே விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மருமகள் வேலைக்குப் போகிறாளா என்று யாரோ கேட்டார்கள். மாமியார் மருதம்மாள் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"நாங்கதான் பெரிய மனசு பண்ணி அனுப்பறோமுங்க."

மோனிஷா சிரித்துக்கொண்டேதான் கேட்டாளாம். "அனுப்பறதுக்கு நான் என்னங்கத்தை பார்சலா?"

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. மருதம்மாள் முகம் சுண்டிப்போனது. அவர்கள் போன பிறகு பேச்சு வளர்ந்தது. "ரெண்டு நாளைக்கு அம்மா ஊட்டுல இரு, சூடு தணியட்டும்" என்று கவின்தான் கொண்டுவந்து விட்டான். இரண்டு நாள் போய், மாசக்கணக்காகிவிட்டது. அவன் போனில் பேசுவான். வந்து கூட்டிக்கொண்டு போக மாட்டான். அம்மா சரி சொல்லட்டும் என்பான்.

அம்மா சரி சொல்வதற்கு என்ன வேண்டும் என்பதைச் சொந்தக்காரர்கள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. பெண்ணின் அம்மா வந்து முறையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

"போய்ச் சொல்லிரும்மா" என்றாள் மோனிஷா. "உனக்கு அது என்ன பெரிய விஷயமா? ஊருக்கெல்லாம் சொல்ற."

"சொல்றேன் கண்ணு" என்றாள் மயிலாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வேல்குமாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள். தாய்மாமன் என்கிற முறைக்கு அவனும் வர வேண்டியிருந்தது. வழியெல்லாம் புத்தி சொன்னான். "அக்கா, சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்க. மிச்சத்த நான் பேசிக்கறேன்." அவள் கேட்டுக்கொண்டாள்.

மருதம்மாள் வாசல்வரை வந்து கூப்பிட்டாள். "வாங்க வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கறீங்க. மொதல்ல மோரு குடிங்க." நல்ல மனுஷிதான். உபசரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. கவினின் அப்பா யூனிட்டுக்குப் போயிருந்தார். இருந்தாலும் பேசுகிறவர் இல்லை. கவின் எதிரே உட்கார்ந்து மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பட்டறையில் சிலை செதுக்கும் உளிச்சத்தம் நிற்காமல் கேட்டது.

"புள்ள எப்படி இருக்கறா?" என்றாள் மருதம்மாள்.

"இருக்கறாளுங்க."

"நான் ஒண்ணும் கெட்டவ இல்லீங்க சம்பந்தி. அவ வேலைக்குப் போகட்டும்னு மொதல்ல சொன்னதே நாந்தான். கவினக் கேளுங்க. ஆனா நாலு பேரு முன்னால அப்படிக் கேட்டுப்புட்டா. அந்த நாலு பேருக்கு நான் பதில் சொல்லோணுமில்லீங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நானும் சொல்லிக்குவேன், அவங்கம்மாவே வந்து கேட்டாங்க, அதான் விட்டுட்டோம்னு."

"ஆமாங்க, அது நாயந்தானுங்களே" என்றான் வேல்குமார். அக்காவின் முழங்கையை இடித்தான். "சொல்லுக்கா."

எல்லோரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். வழக்கமான இடைவெளியை விட்டாள். ராமரிடம் விடுகிற அதே இடைவெளி.

இடைவெளி நீண்டுகொண்டே போனது.

கவின் மோதிரத்தைத் திருகுவதை நிறுத்தினான். உளிச்சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"ஒண்ணு கேக்கறனுங்க" என்றாள் மயிலாத்தாள். "தப்பா நெனைச்சுக்காதீங்க."

"கேளுங்க, நமக்குள்ள என்ன."

"நான் சொல்லிடறனுங்க. நீங்களும் பெரிய மனசு பண்ணிடறீங்க. புள்ள வந்துடறா. அதோட அது முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுன்னா? எனக்குப் புரியலீங்க."

"அடுத்த வருசம், அதுக்கு அடுத்த வருசம், அவ ஒரு கொழம்ப அடிபுடிக்க விட்டுட்டா... 'பெரிய மனசு பண்ணி உன்னைத் திருப்பிச் சேத்துக்கிட்டோம்'னு அவகிட்டச் சொல்லுவீங்களா?"

மருதம்மாள் வேறு விதமான பெண்ணாக இருந்திருந்தால் சட்டென்று "சேச்சே, சொல்வனுங்களா" என்றிருப்பாள். கதையும் வேறு பக்கம் போயிருக்கும். ஆனால் அவள் பொய் சொல்லத் தெரியாதவள். கேள்வியை நிஜமாகவே யோசித்தாள். யோசித்துவிட்டு, வெகுளியாகக் கேட்டாள்:

"செஞ்சதச் சொல்றதுல என்னங்க தப்பு? செய்யாததையா சொல்லப்போறேன்?"

மயிலாத்தாள் தலையை ஆட்டினாள். புரிந்தது என்பது போல.

"அப்ப வேண்டாங்க" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இன்னொரு டம்ளர் மோர் வேண்டாம் என்று சொல்கிற குரல்தான். எழுந்தாள். மருதம்மாளுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. "இருங்க, சாப்பிட்டுப் போலாமுங்க" என்று வாசல்வரை கூடவே வந்தாள்.

வேல்குமார் ரோட்டுக்கு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்.

"உனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்குது? கண்டவன் டீ ஷர்ட்டுக்கெல்லாம் நாக்குக் கூசாமச் சொல்ற. பெத்த புள்ளைக்குச் சொல்ல மாட்டியா?"

"டீ ஷர்ட்டு பொட்டிக்குள்ள போயிருமடா வேலு" என்றாள் அவள். "அப்பறம் அதுகிட்ட யாரும் சொல்லிக்காட்ட மாட்டாங்க."

வேல்குமார் வண்டியை எடுத்தான்.

வீட்டில் மோனிஷா புடவை கட்டித் தயாராக இருந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். கவின் கூடவே வருவான் என்று நினைத்திருந்தாள்போல. பைக்கில் இரண்டு பேர் மட்டும் இறங்குவதைப் பார்த்தாள்.

"சொன்னியாம்மா?"

"இல்ல கண்ணு."

"இல்லன்னா? ஏன்?"

மயிலாத்தாள் நடந்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மோனிஷா பூவைப் பிடுங்கி எறிந்தாள்.

"அவங்க சொன்னா நான் கேட்டுக்கிட்டுப் போறேன். எனக்கு என்ன? நூறு தடவ சொல்லட்டும். எனக்கு அவரு வேணும்மா! உனக்கு வலிச்சுதுன்னா எனக்கும் வலிக்கும்னு நீயே முடிவு பண்ணிட்டியா? யாரக் கேட்டு வேண்டாம்னு சொன்னே?"

பெற்றவளிடம் இருந்த பதில் எல்லாம் மருதம்மாள் வீட்டு ஹாலிலேயே தீர்ந்துவிட்டது. மோனிஷா கட்டிலில் குப்புற விழுந்து அழுதாள். குலுங்கிக் குலுங்கி, மூக்கை உறிஞ்சி, சத்தமாக அழுதாள். மயிலாத்தாள் வாசற்படியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி அழ முடிகிறதே என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் முதுகைத் தடவலாம் என்று கை எழவில்லை. என்னவென்று சொல்வது அந்தத் தாயின் நிலையை!

அந்த வாரம் முழுவதும் மகள் அம்மாவிடம் பேசவில்லை. தட்டை எடுத்து வைத்தால் சாப்பிடுவாள். ஆபீஸுக்குப் போவாள், வருவாள். மயிலாத்தாளும் கம்பெனிக்குப் போனாள். இன்னொரு லாட்டில் கழுத்துப் பட்டை சுருங்கிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ச் சொன்னாள். ராமர் இறங்கி வந்தார். எல்லாம் முன்போலவே நடந்தது.

ஆனால் வேலைக்கு நடுவில், மகள் கேட்டதே திரும்பத் திரும்ப வந்தது. யாரைக் கேட்டு? அவள் கேட்டது நியாயம்தானே. அப்பா தனக்காகக் கேட்டார். அதனால்தான் தனக்குக் கதிர்வேல் கிடைத்தான். சோற்றைப் பிசைந்தபடி தலைகுனிந்து இருந்தாலும், அவன் இருந்தான். அப்பா அன்றைக்குத் துண்டை எடுக்காமல் இருந்திருந்தால் மோனிஷாவே இல்லை. இதை எந்தப் பக்கம் வைத்து எடை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் நின்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மோனிஷா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போயிச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள் மயிலாத்தாள், கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே. "மோர் குடிச்சுட்டுச் சொல்லிட்டு வந்துடறேன். நீ தயாரா இரு."

மோனிஷா நிமிர்ந்து பார்த்தாள். மடித்த துணியை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள். அது கவின் வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு.

போன் அடித்தது. கவின். மயிலாத்தாளின் கை ஈரம். விரல் நுனியால் தொட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தாள்.

"அத்தை, நான் கவின்."

"சொல்லுங்க கண்ணு."

"அத்தை, அம்மா ரொம்ப வருத்தப்படறாங்க. நீங்க அப்படி எந்திரிச்சுப் போனது அவங்களுக்கு... எனக்கு நடுவுல என்ன பண்றதுன்னே தெரியல அத்தை." தொண்டையைச் செருமினான். "நீங்கதான் பெரிய மனசு பண்ணி எங்கம்மாகிட்ட அந்த ஒரு வார்த்தைய வந்து சொல்லிரோணும்."

கத்தி நின்றது.

கல்யாணப் பேச்சிலிருந்தே அவள் காதில் அந்த வார்த்தை விழுந்துகொண்டே இருக்கிறது. அவளைப் பார்த்து, அவளைப் பெரியவளாக்கி, ஒருவரும் இதைச் சொன்னதில்லை. மமதா தண்ணீருக்குச் சொன்னதைத் தவிர. இதைக் கேட்டால் நெஞ்சு பெருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பேர் முகத்தில் பார்த்திருக்கிறாள்! அவள் காத்திருந்தாள். எதுவும் பெருக்கவில்லை. பையன் கேட்டது புரிந்தது, அவ்வளவுதான். கெஞ்சுவதற்கும் பெரிய மனசு வேண்டும் என்கிறான். இறங்கி வந்து, கீழே போய் நில்லுங்கள் என்கிறான்.

"சரிங்க கண்ணு" என்றாள். "நாளைக்கு வர்றேன்."

"தேங்க்ஸ் அத்தை. எனக்குத் தெரியும் அத்தை, நீங்க..."

மோனிஷா எழுந்து வந்து போனைக் கையில் எடுத்தாள்.

"கவின்."

"மோனி! நீ பக்கத்துலதான் இருக்கியா?"

"இப்ப எங்கம்மாகிட்டச் சொன்னியே, அத உங்கம்மாகிட்டச் சொன்னியா?"

"எத?"

"பெரிய மனசு பண்ணுங்கம்மா, வார்த்தையெல்லாம் வேண்டாம், மோனிஷா வரட்டும்னு."

"அது... அவங்க ஒத்துக்க மாட்டாங்க மோனி."

"ஒத்துக்க மாட்டாங்கறது பொறவு. சொல்லிப் பாத்தியா?"

ஒரு லாரி ஹாரன் கேட்டது. ரோட்டோரம் நின்று பேசுகிறான்போல, வீட்டுக்கு வெளியே.

"சொல்லிப் பாத்தியா கவின்?"

"அம்மாகிட்டப் போயி எப்படி மோனி அப்படிச் சொல்றது? வருத்தப்படுவாங்க."

"எங்கம்மாகிட்ட எப்படிச் சொன்னே?"

அவள் கத்தவில்லை. அதைக் கேட்டபோது மோனிஷாவின் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. மயிலாத்தாளுக்கு அதுதான் பயமாக இருந்தது. அழட்டும், எறியட்டும், தன்னைத் திட்டட்டும். இந்தக் குரல் மட்டும் இந்தப் பெண்ணுக்கு வந்துவிடக் கூடாது.

"மோனி, நாளைக்கு அத்தை வந்துட்டாங்கன்னா எல்லாம் சரியாயிரும்..."

"அவங்க வர மாட்டாங்க" என்றாள் மோனிஷா. "நீ சொல்லிப் பாத்துட்டு வா. நான் வர்றேன். உங்கம்மா என்ன சொன்னாலும் சரி, நீ கேட்டுட்டேன்னு தெரிஞ்சாப் போதும், நானே பஸ் ஏறி வர்றேன்."

போனை மேஜையில் வைத்தாள். அழைப்பை அவனே துண்டித்தான்.

"நான் போறேன் கண்ணு" என்றாள் மயிலாத்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல. நெசமா ஒண்ணுமில்ல."

"உனக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னுதாம்மா வேண்டாங்கறேன்."

அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பில் உப்புப் போடவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் மழை வந்து போனது. தீபாவளி ஆர்டர்கள் வந்து போயின. கவின் கெட்டவன் இல்லை. அடிக்கடி மோனிஷாவின் ஆபீஸ் எதிரே பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்பான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. இருவரும் பக்கத்துப் பேக்கரியில் டீ குடிப்பார்கள். அவன் யூனிட்டில் புது மெஷின் வந்ததைச் சொல்வான். அவள் ஆபீஸ் கதை சொல்வாள். சிரிப்பார்கள்கூட. டம்ளர் காலியானதும், அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாயா என்கிற அதே கேள்வியைக் கேட்பாள். அவன் டம்ளரின் அடியைப் பார்ப்பான்.

வேல்குமார் இப்போது வேறு மாதிரி பேசத் தொடங்கியிருக்கிறான். எத்தனை நாளைக்கு இப்படியே, ஒன்று அந்தப் பக்கம், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் என்கிறான். மயிலாத்தாள் கேட்டுக்கொள்கிறாள்.

நேற்றும் மோனிஷா தாமதமாகத்தான் வந்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"கவின் வந்திருந்தாரா?"

"ம்."

"என்ன சொன்னார்?"

"இன்னும் சொல்லலையாம்."

மயிலாத்தாள் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பைச் சூடாக்கினாள்.

"சோறு போடட்டுமா?"

"போடும்மா" என்றாள் மோனிஷா. "கொஞ்சமாப் போடு. அவருகூட பஃப்ஸ் சாப்பிட்டுட்டேன்."